இணையத்தளப் பிழைச்செய்திகளைப் பதிவேட்டில் வைத்து வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பாடசாலை, ஆலயம், சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எனப் பல அமைப்புகள் இணையத்தளம் வைத்திருக்கின்றன. பெரும்பாலானவை பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை, அல்லது அதன்மேல் நிற்கும் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் கட்டப்பட்டவை. இவற்றில் இரண்டு கோளாறுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பக்கத்தின் தலைப்புக்கு மேலே ‘வோர்னிங்’ என்று தொடங்கும் நீண்ட வரி நிற்கும், அதற்குள் சேர்வரின் (தளத்தை வழங்கும் கணினியின்) முழுக் கோப்புப்பாதையும் இருக்கும். அல்லது பக்கம் முழுவதும் வெள்ளையாக இருக்கும். முதலாவதைப் பார்த்த பொறுப்பாளர் “அந்த வரியை எடுத்துவிடுங்கள்” என்கிறார். தளத்தைச் செய்தவர் பிழை காட்டுவதை நிறுத்திவிடுகிறார். சில மாதங்களில் அதே தளம் வெள்ளைப் பக்கமாகிறது. அப்போது காரணம் சொல்ல ஒரு வரிகூட எங்கும் பதிவாகியிருப்பதில்லை. இதைத் தவிர்க்கும் வழி எளிது என்பதால் விரிவாக எழுதுகிறேன். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கும் இது உதவும். திரையில் ஆங்கிலத்தில் வரும் செய்திகளை இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறேன்.

பி.எச்.பி. அமைப்புக் கோப்பில் நான்கு வரிகளைச் சரிபார்க்க வேண்டும். பிழையைத் திரையில் காட்டும் ‘டிஸ்பிளே_எரர்ஸ்’ ஓஃப் ஆகவும், பதிவேட்டில் எழுதும் ‘லொக்_எரர்ஸ்’ ஓன் ஆகவும் இருக்க வேண்டும். ‘எரர்_ரிப்போர்ட்டிங்’ ‘ஈ_ஓல்’ (எல்லா வகைப் பிழையும்) என்றிருக்க வேண்டும். ‘எரர்_லொக்’ என்பதில் பதிவேட்டுக் கோப்பின், அதாவது பிழைகள் எழுதப்படும் லொக் கோப்பின், பாதையைக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு, இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய ‘பப்ளிக்_எச்.டி.எம்.எல்’ கோப்புறைக்கு வெளியே இருப்பது அவசியம். உள்ளே வைத்தால் முகவரியைத் தட்டி எவரும் வாசிக்கலாம். வேர்ட்பிரஸில் ‘டபிள்யூ.பி_டீபக்_லொக்’ என்பதை இயக்கினால் உருவாகும் ‘டீபக்.லொக்’ கோப்பும் இயல்பாக ‘டபிள்யூ.பி-கொன்டென்ட்’ கோப்புறைக்குள், அதாவது பொதுப் பார்வையில்தான், உட்கார்ந்திருக்கும். ‘ட்ரூ’ என்பதற்குப் பதில் வேறொரு முழுப்பாதையைக் கொடுத்து அதை வெளியே நகர்த்திவிடலாம்.

திரையில் காட்டுவது ஏன் ஆபத்து என்று பலர் கேட்கிறார்கள். தரவுத்தளத்துடன் இணைக்கும் பி.எச்.பி. கருவியான பி.டி.ஓ. இணைய முடியாமல் எறியும் விதிவிலக்கு (எக்செப்ஷன்) நிரலில் எங்கும் பிடிபடாமல் வெளியேறினால், பிழைச்செய்தியின் கீழே வரும் அழைப்புத் தடத்தில் (பிழை நேர்ந்த வழியைக் காட்டும் பட்டியலில்) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே அச்சாகக்கூடும். பி.எச்.பி. 7.4 முதல் ‘செண்ட்.எக்செப்ஷன்_இக்னோர்_ஆர்க்ஸ்’ என்ற அமைப்பு இதைத் தடுக்கிறது. அதையும் ஓன் செய்துவிடுங்கள்.

அமைப்பை மாற்றியும் பலன் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். தளத்தின் கோப்புறையில் வைக்கும் ‘.யூசர்.இனி’ என்ற அமைப்புக் கோப்பை பி.எச்.பி. 300 வினாடிகளுக்கு ஒருமுறைதான் மீண்டும் வாசிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முதன்மையான ‘பி.எச்.பி.இனி’யில் மாற்றியிருந்தால் அப்பாச்சி என்ற வலைச் சேர்வர் மென்பொருளையோ பி.எச்.பி.யை ஓட்டும் எஃப்.பி.எம். சேவையையோ மறுதொடக்கம் செய்ய வேண்டும். நிரலின் முதல் வரியில் ‘இனி_செட்’ போட்டு டிஸ்பிளே_எரர்ஸை இயக்குவது பலருடைய வழக்கம். ஆனால் அதே கோப்பில் இலக்கணப் பிழை இருந்தால் கோப்பு முழுவதுமே தொகுக்கப்படாது. முதல் வரிகூட ஓடாததால் வெள்ளைப் பக்கம்தான் மிஞ்சும். இதற்காகவே ‘பி.எச்.பி. -எல்’ என்ற கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரோடு சேர்த்துக் கொடுத்தால் இலக்கணத்தை மட்டும் சோதித்து வரி எண்ணைச் சொல்லும். சேர்வரில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்புக்கும் இதைச் செய்யலாம்.

பதிவேடு எங்கே இருக்கிறது? உபுண்டு, டெபியன் சேர்வர்களில் ‘வார்’ கோப்புறைக்குள் ‘லொக்’, அதற்குள் ‘அப்பாச்சி2’, அதற்குள் ‘எரர்.லொக்’. ரெட்ஹட் வழிவந்தவற்றில் ‘அப்பாச்சி2’ இருக்கும் இடத்தில் ‘எச்.டி.டி.பி.டி’ இருக்கும், கோப்பின் பெயர் ‘எரர்_லொக்’. சீபனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள பகிர்வு ஹொஸ்டிங்கில் பெரும்பாலும் பிழை நேர்ந்த நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ‘எரர்_லொக்’ என்ற கோப்பு தோன்றும். திறந்ததும் நேரத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டுச் சேர்வர்கள் பல யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இங்கே காலை பத்து மணிக்கு நடந்த பிழை அங்கே 04:30 என்றுதான் இருக்கும். ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்காமல் தேடிவிட்டு “லொக்கில் ஒன்றுமில்லை” என்று மூடிவிடுபவர்கள் உண்டு. ‘டேட்.டைம்சோன்’ என்பதில் ‘ஏசியா/கொழம்போ’ என்று போட்டால் பி.எச்.பி. தானே எழுதும் பதிவுகளில் இந்தக் குழப்பம் நீங்கும். அப்பாச்சியின் சொந்தப் பதிவேடு சேர்வரின் நேரத்தையே பின்பற்றும்.

ஒவ்வொரு பதிவிலும் வகை, செய்தி, கோப்பு, வரி எண் என நான்கு உறுப்புகள் இருக்கும். ‘வோர்னிங்’ வந்தாலும் நிரல் தொடர்ந்து ஓடும். ‘ஃபேட்டல்’ வந்தால் அந்த இடத்திலேயே நிற்கும். ஒரே வினாடியில் பத்துப் பதிவுகள் இருந்தால் முதலாவதை எடுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ‘பார்ஸ் எரர்’ காட்டும் வரி, மொழிபெயர்ப்பி குழம்பி நின்ற இடம். தவறு பெரும்பாலும் அதற்கு முந்திய வரியில் விட்டுப்போன அரைப்புள்ளியாக இருக்கும். ‘அன்எக்ஸ்பெக்டட் என்ட் ஒஃப் ஃபைல்’ என்றால் எங்கோ திறந்த இரட்டை வளைவு அடைப்பு மூடப்படவில்லை. கடைசி வரியை மணிக்கணக்கில் பார்த்துப் பயனில்லை.

தமிழில் தளம் நடத்துவோருக்கு ஆங்கில வழிகாட்டிகளில் போதிய விளக்கம் கிடைக்காத கோளாறுகள் சில உண்டு. அவற்றைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் ‘ஹெடர்ஸ் ஓல்ரெடி சென்ட்’, அதாவது உலாவிக்கு முதலில் போகவேண்டிய தலைப்புத் தகவலுக்கு முன்பே பக்கத்தின் உள்ளடக்கம் வெளியேறத் தொடங்கிவிட்டது என்ற செய்தி. இந்தச் செய்தியில் இரண்டு கோப்புகள் குறிப்பிடப்படும். பலர் கடைசியில் வருவதைத் திறந்து தேடுகிறார்கள். குற்றவாளி அடைப்புக்குள் ‘அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்’ என்பதற்குப் பின்னால் இருக்கும் கோப்பு. அங்கே வரி எண் 1 என்று இருந்து, முதல் வரியும் பார்வைக்குச் சரியாக இருந்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஒட்டியிருக்கின்றன என்று கொள்ளலாம். விண்டோஸ் நோட்பேடில் தமிழ் எழுத்து உள்ள கோப்பை யூ.டி.எஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் உரிய குறியாக்கம்) ஆகச் சேமிக்கும்போது சேரும் பி.ஓ.எம். குறி அது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாக இந்தக் குறியைச் சேர்ப்பதில்லை. பழைய கணினிகளில் இன்னும் சேரும். நோட்பேட்++ அல்லது வி.எஸ். கோடில் திறந்து ‘வித்தவுட் பி.ஓ.எம்’ என்று மீண்டும் சேமித்தால் போதும். ஆங்கிலம் மட்டும் எழுதுவோருக்கு இந்தச் சிக்கல் அரிதாகவே வரும். மெனுப் பெயர்களைத் தமிழாக்கிக் கோப்பைச் சேமித்த அன்றே உள்நுழைவுப் பக்கம் வேலை செய்யாமல் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அடுத்து எழுத்துகளை வெட்டுவது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8இல் மூன்று பைட். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் நீளத்தை ‘எஸ்.டி.ஆர்.லென்’ பைட்டை எண்ணி 33 என்று சொல்லும். ‘எம்.பி_எஸ்.டி.ஆர்.லென்’ குறியீட்டை எண்ணி 11 என்று சொல்லும். ‘கிராஃபீம்_எஸ்.டி.ஆர்.லென்’ மட்டுமே நாம் எண்ணுவதுபோல 6 என்று சொல்லும். செய்திச் சுருக்கத்துக்காக ‘சப்ஸ்டர்’ கொண்டு 100 பைட்டில் வெட்டினால், இடைவெளி இல்லாத தமிழ் உரையில் 33 குறியீடுகளுக்குப் பின் ஒரு துண்டுப் பைட் தொங்கி நிற்கும். அந்தத் துண்டால் ‘ஜேசன்_என்கோட்’ தோற்றுவிடும். காரணத்தைக் கேட்டால்தான் ‘மல்ஃபோர்ம்ட் யூ.டி.எஃப்-8’ என்று சொல்லும். பி.எச்.பி. 8.1க்கு முந்திய பதிப்புகளில் ‘எச்.டி.எம்.எல்.ஸ்பெஷல்சார்ஸ்’ அதே உரைக்கு இயல்பு அமைப்பில் வெறுமையைத் திருப்பித் தரும். பதிவேட்டில் எதுவும் இராது, செய்திச் சுருக்கம் மட்டும் காணாமற்போகும். ‘எம்.பி_சப்ஸ்டர்’ பைட்டை உடைக்காது, ஆனால் ‘யா’வின் காலைத் தனியே கழற்றிவிடும். ‘கிராஃபீம்_சப்ஸ்டர்’தான் சரியான கருவி. அதற்கு ‘இன்டில்’ நீட்சி வேண்டும். ‘கோல் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்’ என்று வந்தால் நிரலில் தவறு தேடாமல், ஹொஸ்டிங் பனலில் அந்த நீட்சியை இயக்குங்கள்.

மூன்றாவது தரவுத்தளம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வெறும் ‘யூ.டி.எஃப்8’ என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் தாங்கும். தமிழுக்கு அது போதும் என்பதால் பழைய தளங்கள் ஆண்டுக்கணக்கில் பிரச்சினையின்றி ஓடின. மரண அறிவித்தல் தளத்தில் அஞ்சலி எழுதுபவர் கைகூப்பும் இமோஜியைச் சேர்த்ததும் ‘1366 இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வல்யூ’ என்ற பிழை வரும், ஏனென்றால் அந்தச் சிறு படம் நான்கு பைட். அட்டவணையை ‘யூ.டி.எஃப்8.எம்.பி4’ ஆக மாற்றினால் மட்டும் போதாது. இணைப்பையும் மாற்ற வேண்டும். பி.டி.ஓ. என்றால் இணைப்புச் சரத்தில் ‘சார்செட்’, மற்றொரு இணைப்புக் கருவியான மைஎஸ்கியூஎல்ஐ என்றால் ‘செட்_சார்செட்’. மைஎஸ்கியூஎல் 8.0இல் யூ.டி.எஃப்8.எம்.பி4தான் இயல்புநிலை. அதற்கு முன் தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1 ஆக இருந்தது. பழைய சேர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது தமிழ் குப்பையாவதற்கு முக்கிய காரணம் இதுவே.

குப்பையைக் கண்டதும் அட்டவணையைக் ‘கன்வர்ட்’ செய்யாதீர்கள். காப்புப்பிரதி எடுத்தபின், ஒரு பதிவை, உள்ளிருக்கும் பைட்டுகளை எண்ணெழுத்தாகக் காட்டும் ‘ஹெக்ஸ்’ செயற்பாட்டால் பாருங்கள். ஈ0ஏஈ அல்லது ஈ0ஏஎஃப் என்று தொடங்கினால் தரவு சரியாகவே இருக்கிறது, இணைப்பு அமைப்புத்தான் பிழை. சி3ஏ0 என்று தொடங்கினால் இரண்டு தடவை குறியாக்கம் ஆகியிருக்கிறது. திரையில் தலைமேல் சாய்கோடுள்ள சிறிய லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் உள்ள பதிவுக்குறியும் மாறி மாறி வருவது இந்த நிலையில்தான். இதை மீட்கலாம். 3எஃப் 3எஃப் என்று வந்தால் உள்ளே வெறும் கேள்விக்குறிகளே இருக்கின்றன. அந்தத் தரவு எழுதும்போதே போய்விட்டது. பழைய காப்புப்பிரதி இல்லாமல் மீளாது. ஆலய உபயகாரர் பட்டியலோ பாடசாலைச் சேர்வு இடாப்போ இப்படி அழிந்தால் இழப்பு பெரியது. அதனால்தான் சோதிக்காமல் தொடவேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

வேர்டிலிருந்தோ முகநூலிலிருந்தோ நிரலை ஒட்டும்போது நேர் மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாகிவிடும், சாதாரண இடைவெளி உடையா இடைவெளியாகிவிடும். உடையா இடைவெளியை பி.எச்.பி. பெயரின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. ‘அன்டிஃபைன்ட்’ என்று முறையிடும் பெயர் கண்ணுக்கு முற்றிலும் சரியாகத் தெரிந்தால் அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

வீட்டுக் கணினியில் சாம்ப் (கணினியையே சிறு சேர்வராக்கும் மென்பொருள் தொகுப்பு) வைத்து எழுதியது சேர்வரில் ஓடாமற்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். ‘கொன்ஃபிக்’ என்ற கோப்புப் பெயரின் முதலெழுத்து பெரிதாகவும் நிரலில் சிறிதாகவும் இருந்தால் ‘ஃபெயில்ட் டு ஓபன் ஸ்ட்ரீம்’ வரும். அட்டவணைப் பெயரில் அதே தவறு இருந்தால் ‘1146’ வரும். மற்றது இணைப்பு விவரம். சாம்பில் பயனர் ‘ரூட்’, கடவுச்சொல் வெறுமை. அதையே ஏற்றினால் ‘1045 அக்செஸ் டினைட்’. ‘2002’ என்றால் கடவுச்சொல்லுக்கு முந்திய கட்டத்திலேயே நின்றுவிட்டது, தரவுத்தளச் சேர்வரையே அடையவில்லை. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் லினக்ஸில் சொக்கெட் கோப்பு வழியாகவும், 127.0.0.1 என்றால் வலையமைப்பு வழியாகவும் இணைப்பு போகும். ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றதை முயலுங்கள்.

யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும். எவரும் எழுதலாம் என்ற 777ஐ எதற்கும் கொடுக்க வேண்டாம். சில ஹொஸ்டிங்குகள் 777ஐக் கண்டதும் 500 பிழை கொடுத்து ஓட மறுக்கும்.

பழைய தளங்களைப் பி.எச்.பி. 8க்கு நகர்த்தும்போது வரும் செய்திகளே இப்போது அதிகம். 8.0 பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பருடன் நின்றுவிட்டன. ஆகவே நகராமல் இருப்பது வழியாகாது. ‘மைஎஸ்கியூஎல்_கனெக்ட்’ 7.0இலேயே நீக்கப்பட்டது. ‘ஈச்’, ‘கிரியேட்_ஃபங்ஷன்’ ஆகியவை 8.0இல் நீங்கின. வெறுமையான மாறியை ‘கவுன்ட்’ செய்தால் முன்பு எச்சரிக்கை, இப்போது நிரல் நிற்கும். ‘அன்டிஃபைன்ட் அரே கீ’ முன்பு வெறும் ‘நோட்டீஸ்’ ஆக ஒதுங்கியிருந்தது, இப்போது ‘வோர்னிங்’. ‘@’ குறி போட்டு அடக்கி வைத்திருந்த ஃபேட்டல் பிழைகளும் 8.0 முதல் வெளியே வருகின்றன. பி.டி.ஓ. 8.0 முதலும் மைஎஸ்கியூஎல்ஐ 8.1 முதலும் தோல்வியை விதிவிலக்காக எறிகின்றன. ‘விடை பொய்யானால்’ என்று பார்த்துப் பயனருக்கு மன்னிப்புச் செய்தி காட்டிய பழைய நிரல் அந்த வரிக்குப் போகுமுன்னரே இறந்துவிடும். நேரடித் தளத்தில் பதிப்பை மாற்றிப் பார்ப்பது முறையல்ல. துணை முகவரியில் ஒரு நகலை வைத்து, அதில் பதிப்பை உயர்த்தி, ஒவ்வொரு பக்கத்தையும் படிவத்தையும் ஒருமுறை இயக்கிவிட்டுப் பதிவேட்டை வாசித்தால் திருத்தவேண்டியவை ஏறத்தாழ முழுவதும் அங்கே கிடைக்கும்.

பாடசாலைகளுக்கு மிக முக்கியமான ஒன்று, திரையில் எந்தச் செய்தியும் காட்டாத பிழை. ‘மக்ஸ்_இன்புட்_வார்ஸ்’ இயல்பாக 1000. ஒரு வகுப்பில் 40 மாணவர், 9 பாடம், 3 தவணை என்று ஒரே பக்கத்தில் புள்ளி பதியும் படிவத்தில் 1080 கட்டங்கள் இருக்கும். வரிசை மாணவர் வாரியாகவும் வேறு புலம் எதுவும் இல்லாமலும் இருந்தால், 38ஆவது மாணவரின் முதற் புள்ளியோடு 1000 நிறைந்துவிடும். மிச்சம் 80 புள்ளிகள் நிரலுக்கு வந்துசேர்வதே இல்லை. ஆசிரியருக்கு “சேமிக்கப்பட்டது” என்றே காட்டும். பதிவேட்டில் மட்டும் ‘இன்புட் வேரியபில்ஸ் எக்சீடட் 1000’ என்று ஒரு வரி இருக்கும். இந்த எல்லையை இனி_செட் கொண்டு உயர்த்த முடியாது. அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும், அல்லது படிவத்தைத் தவணை வாரியாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பதே நல்லது. எல்லையை எவ்வளவு உயர்த்தினாலும் பெரிய வகுப்பொன்று அதைத் தாண்டக்கூடும்.

இதேபோல ‘போஸ்ட்_மக்ஸ்_சைஸ்’ இயல்பாக 8 எம்.பி., ‘அப்லோட்_மக்ஸ்_ஃபைல்சைஸ்’ 2 எம்.பி. கைபேசியில் எடுத்த படங்கள் மூன்று நான்கை அனுமதிப் படிவத்துடன் இணைத்தால் மொத்தம் 8ஐத் தாண்டிவிடும். அப்போது படிவம் முழுவதுமே வெறுமையாக வந்துசேரும். “பெயரை நிரப்பவும்” என்று தளம் பெற்றோரைக் கேட்கும். பெயரை நிரப்பியவர் மீண்டும் மீண்டும் முயல்வார். இரண்டு எல்லைகளையும் உயர்த்துங்கள். போஸ்ட் எல்லை அப்லோட் எல்லையைவிடப் பெரிதாக இருக்கட்டும். அனுமதிக்கும் அளவைப் படிவத்திலேயே தமிழில் எழுதிவையுங்கள்.

எண்ணால் வரும் பிழைகளைப் பற்றிச் சுருக்கமாக: 500 என்றால் நிரல் இறந்திருக்கிறது அல்லது ‘.எச்.டி.அக்செஸ்’ கோப்பில் தவறு. 502 என்றால் முன்னால் நிற்கும் சேர்வருக்குப் பி.எச்.பி.யிடமிருந்து முறையான விடை கிடைக்கவில்லை. 504 என்றால் விடை நேரத்துக்கு வரவில்லை. திருவிழா நேரலை நாளிலோ பெறுபேறு வெளியாகும் நாளிலோ ‘1040 டூ மெனி கனெக்ஷன்ஸ்’ வந்தால், மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எல்லை 151 இணைப்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கத்தை நிலையான எச்.டி.எம்.எல். கோப்பாக வைத்துவிட்டால் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டியதில்லை.

தளம் செய்விக்கும் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் புலம்பெயர்ந்த உறவுகளிடமிருந்து வருகிறது, தளத்தை இங்கே ஒருவர் செய்கிறார், ஹொஸ்டிங் கணக்கு மூன்றாமவர் பெயரில் இருக்கிறது. பிழை வந்த அன்று பதிவேட்டைத் திறக்கும் உரிமை எவரிடம் இருக்கிறது என்று தெரியாமல் வாரங்கள் போகின்றன. டொமைன், ஹொஸ்டிங் பனல், தரவுத்தளம் மூன்றின் கடவுச்சொற்களும் அமைப்பின் பொறுப்பாளர் ஒருவரிடம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். பதிவேட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அழிப்பது பற்றியும் பேசிக்கொள்ளுங்கள். அதில் பெற்றோரின் தேசிய அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி எண்ணும் விழுந்திருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட தகவல்களையே பேசுகிறது.

பிழையை அறிவிக்கும் வாசகர்களும் பெற்றோரும் திரையைப் பிடித்த படத்தோடு (ஸ்கிரீன்ஷொட்) பக்கத்தின் முழு முகவரி, நிமிடம் வரைக்குமான நேரம், அதற்கு முன் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பதிவேட்டில் உரிய வரியைக் கண்டுபிடிக்க அது போதும். பராமரிப்பவர்கள் உதவி கேட்டு வட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ பிழைச்செய்தியை இடுவதாக இருந்தால், கடவுச்சொல், பயனர் பெயர், கோப்புப்பாதை ஆகியவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே இட்டிருந்தால் பதிவை அழித்தது போதாது. தரவுத்தளக் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, அமைப்புக் கோப்பிலும் புதியதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
இணையத்தளப் பராமரிப்பாளர்,
கோண்டாவில்.